எந்தச் சித்தூர்?

"உங்களுக்கு எந்த ஊரு?"

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சந்தித்துக் கொண்டால் முதலில் கேட்பது இதைத்தான். மற்றவர்கள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு சாம்பார் வாளியை நோக்கி நகர்ந்து விடுவார்கள். எனக்கு ஒரு பாரா தேவைப்படும்.

"சித்தூர்" என்பேன். "பாலக்காடு பக்கமா?" என்பார் ஒருவர். அங்கேயும் ஒரு சித்தூர் உண்டு. இன்னொரு பெரியவர், சிவாஜியும் வைஜயந்திமாலாவும் நடித்த 1963-ம் வருடப் படத்தை நினைத்துக் கொண்டு ராணி பத்மினியை விசாரிப்பார். அது ராஜஸ்தான் சார். கடைசியில், "திருப்பதி பக்கத்துல, வேலூர்லேர்ந்து ஒரு மணி நேரம்" என்றதும்தான் முகத்தில் தெளிவு வரும். அடுத்த வரி எப்போதும் ஒன்றுதான். "ஓ, அப்ப நீங்க தெலுங்கா? தமிழ் நல்லா பேசறீங்களே!"

இங்கே கான்சாஸ் சிட்டிக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பாராட்டை வாங்கிக் கொண்டிருக்கிறேன். பொங்கல் விழாவில் நான் தெலுங்கன். உகாதி விழாவில் 'அரவவாடு', அதாவது தமிழன். இரண்டு இடத்திலும் சாப்பாடு கிடைக்கிறது என்பதால் பெரிதாக வருத்தம் இல்லை :-)

இந்த ஊரில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஒரு பக்கம் மிசௌரி மாநிலம், எதிர்ப்பக்கம் கான்சாஸ் மாநிலம். பால் வாங்கச் சாலையைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு வரி. ஆனால் பேச்சு மாறாது, பள்ளிக்கூடத்தில் எழுதும் எழுத்தும் மாறாது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்க் கோடு ஞாபகம் வரும். அதுவும் மாநிலக் கோடுதான். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை அ, ஆ எழுதுமா, இல்லை தெலுங்கு அக்ஷரம் எழுதுமா என்று முடிவு செய்த கோடு அது. நாம் விமானம் ஏறிப் புலம்பெயர்ந்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே புலம்பெயர்ந்தார்கள். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

ஊர்

முதலில் ஊரைப் பற்றி. சித்தூர் என்பது 'சிற்றூர்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். நீவா என்ற சிற்றாறு ஊர் வழியாகப் போய்ப் பொன்னையாற்றில் சேர்கிறது. பொன்னை பாலாற்றில் சேரும். அதாவது எங்கள் ஊர் மழைத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறது. வேலூர் சுமார் 35 கிலோமீட்டர், திருப்பதி சுமார் 70, சென்னை 150 சொச்சம், பெங்களூர் 180. நான்கு பெரிய ஊர்களுக்கு நடுவில் மாட்டிக் கொண்ட நடுத்தர ஊர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்.

ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை இரண்டு: வெல்லம், மாம்பழம். இந்தியாவில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் பெரிய மையங்கள் கிருஷ்ணகிரியும் சித்தூரும்தான். நாம் கிளிமூக்கு மாங்காய் என்று உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டதே, அந்தத் தோத்தாபுரிதான் அங்கே லாரி லாரியாக வந்து கூழாகிறது. இங்கே இந்தியக் கடையில் மாங்கோ லஸ்ஸிக்காக வாங்கும் டின்னைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் எங்கள் மாவட்டத்தின் பெயர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம் பிள்ளையார். பெயரின் முடிவில் இருக்கும் 'பாக்கத்தை' கவனியுங்கள். சென்னையில் இருக்கிற கோடம்பாக்கம், சேப்பாக்கத்தின் அதே பாக்கம். அந்தப் பிள்ளையார் கோயிலைக் கட்டியவன் முதலாம் குலோத்துங்க சோழன் என்று சொல்கிறார்கள்.

கல்லில் தமிழ், செப்பேட்டில் தெலுங்கு

தமிழ் பேசும் நிலத்துக்கு வடக்கெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்வதைப் பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம். வேங்கடம் என்பது திருப்பதி மலை. எல்லை என்றால் நமக்கு உடனே முள்வேலி ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து எல்லை ஒரு மலை. மலைக்கு இந்தப் பக்கத்து ஆளும் வருவான், அந்தப் பக்கத்து ஆளும் வருவான். இரண்டு பேரும் புழங்குகிற இடத்துக்குத்தான் எல்லை என்று பெயர்.

திருமலைக் கோயிலைப் பார்த்தாலே இது புரியும். 966-ம் ஆண்டில் சாமவை என்ற பல்லவ குலத்து அரசி வெள்ளியில் ஒரு மூர்த்தியைச் செய்து கொடுத்தாள். போக ஸ்ரீநிவாசர் என்ற அந்த மூர்த்திக்கு இன்றும் பூஜை நடக்கிறது. அவள் கொடையைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. திருமலையிலும் கீழ்த் திருப்பதியிலும் ஆயிரத்துக்கும் மேல் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ். சோழர் காலத்தோடு இது நிற்கவில்லை. விஜயநகர மன்னர்கள் காலத்தில் வெட்டியவையும் பெரும்பாலும் தமிழ்தான்.

இதை வைத்துக் கொண்டு "பார்த்தீர்களா, திருப்பதி நம்முடையது" என்று கிளம்ப வேண்டாம். அதே கோயிலில்தான் பதினைந்தாம் நூற்றாண்டில் அன்னமாச்சார்யா உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் தெலுங்குக் கீர்த்தனைகள் பாடினார். அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் வைத்தார்கள். சுவரில் தமிழ்க் கல்வெட்டு, அறைக்குள் தெலுங்குச் செப்பேடு. பெருமாள் இரண்டையும் வைத்துக் கொண்டு நிம்மதியாக இருக்கிறார். மார்கழி மாதம் முழுக்க சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டு ஆண்டாளின் திருப்பாவைதான் அங்கே விடியற்காலையில் ஒலிக்கிறது. இது எந்த மாநில அரசு சொல்லியும் நடப்பதில்லை.

காளஹஸ்தியும் அப்படியே. கண்ணப்பர் கண்ணைப் பிடுங்கி அப்பிய இடம் அதுதான். தேவாரம் பாடிய மூவரும் பாடிய தொண்டை நாட்டுத் தலம்.

அவ்வளவு ஏன், சென்னைக்கும் எங்கள் பக்கத்துக்கும் பிறவியிலேயே தொடர்பு உண்டு. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸில் கோட்டை கட்ட இடம் கொடுத்த தாமர்ல வெங்கடப்ப நாயக்கர், விஜயநகரத்தின் கடைசி வம்சத்துக்குக் கட்டுப்பட்டவர். அந்த வம்சத்தின் தலைநகரங்களில் ஒன்று திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திரகிரி. அங்கே ராஜமகால் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. திருப்பதி போகிறவர்கள் மொட்டை போட்ட கையோடு அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

சித்தூருக்கு உலக வரலாற்றில் ஒரே ஒரு நாள் இடம் உண்டு. 1782 டிசம்பர் 7. முதுகில் வந்த கட்டியால் அவதிப்பட்டுக் கொண்டிருந்த ஹைதர் அலி, சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டை முகாமில் இறந்தார். மகன் திப்பு மேற்குக் கடற்கரையில் வெள்ளைக்காரனோடு சண்டையில் இருந்தார். அவர் வந்து சேரும் வரை படை கலைந்து விடக் கூடாதே என்று மரணத்தை ரகசியமாக வைத்திருந்தார்கள். தென்னிந்தியாவையே நடுங்க வைத்த ஆள் கடைசி மூச்சை விட்டது எங்கள் ஊர்ப் பக்கம் என்று சின்ன வயதில் எங்களுக்கு ஒரு பெருமை.

1911: ஒட்டுப் போட்ட மாவட்டம்

1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகத்தைக் கம்பெனி எடுத்துக் கொண்டது. பிறகு வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகராக இருந்தது வேலூர் அல்ல, சித்தூர். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், வக்கீல்கள், அவர்களைச் சுற்றிப் பிழைக்கும் பத்திர எழுத்தர்கள், ஹோட்டல்கள் என்று அது ஒரு கச்சேரி ஊர். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, கோர்ட்டுக் கச்சேரி.

1911 ஏப்ரல் 1-ம் தேதி புது மாவட்டம் உண்டானது. வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், பலமனேர், சந்திரகிரி. கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு. இவற்றோடு காளஹஸ்தி, புங்கனூர், கார்வேட்நகரம் ஜமீன் பகுதிகள். திருத்தணி கார்வேட்நகரம் ஜமீனோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரானது. அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. எல்லாமே மதராஸ் மாகாணம்தானே, எந்த மாவட்டமாக இருந்தால் என்ன? ஆனால் நாற்பது வருடம் கழித்து மாநிலங்களைப் பிரித்தபோது, மாவட்டத்தை மாவட்டமாகத் தூக்கி வைத்தார்கள். 1911-ல் ஒரு குமாஸ்தா வசதிக்காகப் போட்ட கோடு 1953-ல் விதியாகி விட்டது.

எங்கள் தாத்தா அந்தக் கச்சேரியைச் சுற்றிப் பிழைத்தவர்களில் ஒருவர். பத்திர எழுத்தர். வருகிற கட்சிக்காரரைப் பொறுத்துத் தமிழிலும் எழுதுவார், தெலுங்கிலும் எழுதுவார். மனுவை இங்கிலீஷில் காப்பி எடுத்தும் கொடுப்பார். வீட்டுக் கணக்கு மட்டும் தமிழில். அதற்கடியில் கையெழுத்து தெலுங்கில். ஏன் தாத்தா என்று கேட்டதற்கு, "கணக்கு எனக்கு, கையெழுத்து ஊருக்கு" என்றாராம். நைனா சொல்லிக் கேள்வி. (ஆம், தமிழ் வீடுதான். ஆனாலும் அப்பாவை 'நைனா' என்போம். வட ஆற்காட்டு வழக்கம்.)

ஊரின் முகங்கள்

சித்தூர் என்ற பெயரை முன்னால் போட்டுக் கொண்ட இருவரை எல்லாருக்கும் தெரியும். ஒருவர் சித்தூர் வி. நாகையா. குண்டூர் மாவட்டத்து ரேபல்லேயில் பிறந்தவர். சித்தூரில் ராமவிலாச சபா நாடகங்களில் நடித்ததால் ஊர் பெயரோடு ஒட்டிக் கொண்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வில் (1945) ராணாவாக வருபவர் இவர்தான். இன்னொருவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. புங்கனூரில் பிறந்தவர், காஞ்சிபுரம் நைனா பிள்ளையின் சீடர், 1954-ல் சங்கீத கலாநிதி. தெலுங்கரான நாகையா தமிழ்ப் படங்களில் கொடிகட்டிப் பறந்தார். பிள்ளைவாள் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளை வாழ்நாள் முழுக்கப் பாடினார். நாகையா 1946-ல் அதே தியாகராஜராகவே நடித்து விட்டார். இதற்கு மேல் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

ஊரின் ஒரு பகுதி கட்டமஞ்சி. அங்கே பிறந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி, சென்னை கிறிஸ்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். திருச்சானூரில் பிறந்து சித்தூரில் வக்கீல் தொழில் செய்த எம். அனந்தசயனம் அய்யங்கார் 1956-லிருந்து 1962 வரை மக்களவையின் சபாநாயகர். இவர் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார்.

கோடு விழுந்தது

1947-லிருந்தே ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும் வேங்கடம் வரை தமிழ்நாடு என்று கேட்டுக் கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம், தெலுங்கருக்குத் தனி மாநிலமும் மதராஸ் நகரமும் வேண்டும் என்ற குரல். பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபரில் சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கி டிசம்பர் 15 இரவு உயிரை விட்டார். நான்கே நாளில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். மதராஸ் நகரம் கிடையாது.

1953 அக்டோபர் 1. பதினொரு மாவட்டங்களோடு ஆந்திரா பிறந்தது. அதில் சித்தூரும் ஒன்று. அதுவரை எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேல்கோர்ட், காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி, தீபாவளி ஜவுளி எல்லாமே மதராஸ்தான். காலையில் போய் இரவு திரும்பலாம். இப்போது தலைநகரம் முன்னூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கர்னூல். மூன்று வருடத்தில், 1956 நவம்பர் 1-ல், அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி ஹைதராபாத்துக்குப் போய்விட்டது.

தாத்தாவின் 1953-ம் வருடக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அக்டோபர் 1-ல் என்ன எழுதியிருக்கிறார் என்று ஆசையாகத் தேடினேன். 'வியாழன். பால் 3 அணா. கத்தரிக்காய் 1 அணா. முத்திரைத்தாள் பாக்கி வரவு 1 ரூபாய்.' அவ்வளவுதான். மாநிலம் மாறிய நாளில் தாத்தா கத்தரிக்காய் வாங்கியிருக்கிறார்.

போராட்டம் ஓயவில்லை. திருத்தணிப் பக்கம் மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்றவர்கள் ம.பொ.சி.யோடு சேர்ந்து முன்நின்றார்கள். மறியல், கைது, சிறை எல்லாம் நடந்தது. கடைசியில் இரண்டு மாநில அரசுகளும் சம்மதித்து எச்.வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. அவர் வைத்த அளவுகோல் எளிமையானது. கிராமம்தான் அலகு. அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர்கள் அதிகம், அது எந்தப் பக்கத்தோடு நிலத்தொடர்ச்சியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1959-ல் சட்டமாகி, 1960 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சித்தூர் தாலுகாவின் சில கிராமங்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்தும் சேலம் மாவட்டத்திலிருந்தும் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. சத்தியவேடு அப்படிப் போனதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சட்டம் நிறைவேறியபோது மக்களவையில் சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் அனந்தசயனம் அய்யங்கார். அவருடைய தொகுதி சித்தூர்! மாநிலங்களவைக்குத் தலைவர் துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த ஊர் திருத்தணி, பையனாகப் படித்த ஊர்களில் ஒன்று திருப்பதி! எங்கள் மாவட்டத்தை எங்கே வெட்டுவது என்று நாடாளுமன்றம் முடிவு செய்த காலத்தில் இரண்டு சபைகளுக்கும் தலைமை வகித்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்கள். ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அவர் படித்த ஊர் ஆந்திராவில் நின்றது.

கிராமத்தை அலகாக எடுத்ததில் நியாயம் இருக்கிறது. அதைவிட நல்ல அளவுகோல் எனக்கும் தோன்றவில்லை. ஆனால் ஒரே தெருவில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, உருது வீடு என்று மாறி மாறி இருக்கும் ஊரை எந்த அலகில் வெட்டுவது? வெட்ட முடியாது. அப்படியே ஒரு பக்கம் வைத்து விட வேண்டியதுதான். எங்களை வைத்து விட்டார்கள்.

எழுத்து போன கதை

யாரும் எங்களைத் தமிழ் பேசாதே என்று சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் இரண்டும். 1956-ல் அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. சித்தூர், நகரி, குப்பம் பக்கம் தமிழ்வழிப் பள்ளிகளும் இருந்தன.

ஆனால் பெற்றோர் யோசித்தது வேறு. தமிழ்ப் பள்ளியில் படித்தால் பிறகு என்ன செய்வான்? வேலைக்கு மனு போடுவது ஹைதராபாத்துக்கு. தாலுகா ஆபீஸ் கடிதம் தெலுங்கில். நைனாவைத் தாத்தாவே தெலுங்குப் பள்ளியில்தான் சேர்த்தார். மூன்று எழுத்தும் தெரிந்த மனிதர், மகனுக்குத் தமிழ் எழுத்து வேண்டாம் என்று முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் என் பெண் விஷயத்தில் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறேன்.

நைனா தமிழ் எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நான் படித்ததும் தெலுங்குப் பள்ளியில். தமிழ் எழுத்து எனக்கு வந்தது பஸ்ஸில். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவ்வாவை அழைத்துப் போகும்போது காட்பாடி தாண்டியதும் வரும் போர்டுகளையும், பஸ் ஸ்டாண்டில் வாங்கிய குமுதத்தையும் வைத்துக் கற்றுக் கொண்டேன். இன்றைக்கு இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் நடிகைகளின் கிசுகிசுவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு :-)

இதே கதை கோட்டுக்கு இந்தப் பக்கமும் நடந்திருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. 2006-ல் தமிழ்நாடு அரசு கொண்டு வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து வருடத்துக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறி, 2016-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. தெலுங்கு, உருதுப் பள்ளிப் பிள்ளைகள் விலக்குக் கேட்டு கோர்ட்டுக்குப் போனார்கள். ஓசூர்த் தெலுங்கர் ஒருவரை இங்கே சந்தித்தபோது நாங்கள் இருவரும் அரை மணி நேரத்தில் அண்ணன் தம்பி ஆகிவிட்டோம். அவர் வீட்டுக் கதையில் தமிழ் என்ற இடத்தில் தெலுங்கு என்று போட்டால் எங்கள் வீட்டுக் கதை.

குப்பத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கையும் ஒரே இடத்தில் ஆராய வேண்டும் என்று. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்துக்கு அது பொருத்தம்தான். எம்.ஏ. வகுப்பில் இருக்கும் மொழி ஒன்றாம் வகுப்பிலும் இருந்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

கோட்டுக்கு அடங்காதவை

அழுது வடிந்தது போதும். கோடு எதையெல்லாம் பிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கங்கையம்மனைப் பிரிக்கவில்லை. மே மாதம் குடியாத்தத்தில் அம்மன் சிரசு ஊர்வலம். அதே மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. சித்தூரிலும் ஜாத்திரை. திருப்பதி கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கை. ஜாத்திரைக்குக் கோயிலிலிருந்து சீர் வரும். ஆண்கள் சேலை கட்டிப் பெண் வேஷம் போட்டு வருவார்கள். 2024-ல் வந்த 'புஷ்பா' இரண்டாம் பாகத்தில் அல்லு அர்ஜுன் சேலை கட்டி ஆடுகிறாரே, அது இந்த ஜாத்திரைதான். முதல் பாகத்திலிருந்தே அவர் பேசுவது எங்கள் சித்தூர்த் தெலுங்கு.

பாரதத்தையும் பிரிக்கவில்லை. வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, இரவில் கூத்து ஆடி, அர்ஜுனன் தபசு மரம் ஏறி, கடைசியில் துரியோதனன் படுகளம். எங்கள் பக்கம் தர்மராஜா கோயிலில் அதே வரிசை, அதே படுகளம், தெலுங்கில்.

ஜல்லிக்கட்டு? 2017-ல் மெரினாவே பொங்கியபோது இங்கே ஒரு நண்பர், தமிழனைத் தவிர வேறு எவனுக்கும் இது புரியாது என்றார். சந்திரகிரிக்குப் பக்கத்தில் ரங்கம்பேட்டையில் சங்கராந்திக்கு மாடு விடுவதைச் சொன்னேன். நம்பவில்லை.

கேழ்வரகுக் களியை நாம் களி என்போம், அவர்கள் ராகி சங்கடி என்பார்கள். இரண்டுக்கும் நாட்டுக்கோழிக் குழம்புதான். கை காலில் அடிபட்டால் நம் ஊரில் எல்லாரும் 'புத்தூர் கட்டு' என்று ஓடுவார்களே, அந்தப் புத்தூர் திருப்பதிக்கும் நகரிக்கும் நடுவில் இருப்பது. பெருமாளுக்கு பிரம்மோற்சவத்துக்குக் குடை போவது சென்னை பாரிமுனையிலிருந்து. பெரிய வியாதி என்றால் சித்தூரிலிருந்து கார் போவது வேலூருக்கு. மதனப்பள்ளித் தக்காளி போவது கோயம்பேட்டுக்கு.

மறுபடி ஒரு கோடு

2022 ஏப்ரல் 4-ல் ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. திருப்பதி தனி மாவட்டம். காளஹஸ்தி, சந்திரகிரி, சத்தியவேடு எல்லாம் அதனோடு போய்விட்டன. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்கு. 111 வருடம் திருப்பதியைத் தன் மாவட்டத்தில் வைத்திருந்த சித்தூர் கையில் பெருமாளும் இல்லை, காளத்திநாதரும் இல்லை. காணிப்பாக்கம் பிள்ளையார் இருக்கிறார். இனிமேல் "திருப்பதி எங்க மாவட்டம்" என்று பீற்றிக் கொள்ள முடியாது. போனில் அம்மாவிடம் கேட்டேன். "அதுக்கென்னடா, பஸ் அதே பஸ் தானே" என்றாள்.

தாத்தா கத்தரிக்காய் வாங்கினார். அம்மா பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறாள். கோடு விழுகிற அன்று எதுவும் தெரிவதில்லை. நாற்பது வருடம் கழித்து, வீட்டில் இருக்கும் நோட்டைப் படிக்க ஆள் இல்லாதபோதுதான் தெரிகிறது.

அதனால்தான் இங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் குழந்தைகளை இழுத்துப் போகும் பெற்றோர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை. நான் இதுவரை போகாதவன். பேசினால் போதாதா, எழுத்து எதற்கு என்று வாதாடியவன். தாத்தா போட்ட அதே கணக்கு. ஆனால் தாத்தாவுக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு எழுத்தைக் கற்க இன்னொன்றை விட வேண்டும் என்று பிழைப்பு அவரை நெருக்கியது. எனக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை. சோம்பல் மட்டும்தான்.

போன மாதம் பெண்ணை வகுப்பில் சேர்த்தேன். இப்போது 'க' வரிசை முடித்திருக்கிறாள். தாத்தாவின் நோட்டை எடுத்து வைத்தேன். கத்தரிக்காய் வரியை அரை நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, "க... த்... வெயிட் அப்பா, திஸ் ஒன் ஐ நோ" என்றாள். இன்னும் 'ரி'யில் நிற்கிறாள்.

கொசுறு: தாகூர் நம் தேசிய கீதத்தைத் தானே இங்கிலீஷில் மொழிபெயர்த்தது 1919 பிப்ரவரியில், மதனப்பள்ளியில் உள்ள பெசன்ட் தியாசபிகல் காலேஜில் தங்கியிருந்தபோது. வங்காளிப் பாட்டு, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, மெட்டைக் குறித்து வைத்தவர் அயர்லாந்துக்கார மார்கரெட் கசின்ஸ். ஒரே மொழிக்குள் அடங்குவது எங்கள் மாவட்டத்துக்கு என்றைக்குமே வராது போலிருக்கிறது.